பெயரடைகளால் கட்டப்பட்ட வீடுகள்: அமெரிக்க வீட்டு வரைபடங்களில் வரலாறு

அமெரிக்காவில் புதுவீடு கட்ட விரும்புவோர்க்கு ஆயத்த வரைபடங்களை விற்கும் தொழில் ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட பழமை உடையது. அத்தொழிலின் விளம்பரத் தொகுப்பு எதைப் புரட்டினாலும் அறைகளின் எண்ணிக்கையோடும் பரப்பளவோடும் ஒரு பெயரடை வரிசையும் கண்ணில் படும்: காலனியல், கேப் காட், விக்டோரியன், கிராஃப்ட்ஸ்மேன், பங்களா, ஸ்பானிஷ், ரேஞ்ச். வாங்குபவர் இவற்றைக் காலத்தின் பெயர்களாகவோ இடத்தின் பெயர்களாகவோ வாசிக்கிறார். தாம் கட்டப்போகும் வீட்டில் நாட்டின் பழைய வரலாறு சிறிது குடியிருக்கும் என்று நம்புகிறார். இப்பெயரடைகள் எப்போது சூட்டப்பட்டன, எவற்றை விலக்கிவிட்டுச் சூட்டப்பட்டன என்று வினவினால் வேறொரு வரலாறு கிடைக்கிறது. அது கட்டடக்கலை மாணவர்க்கு மட்டும் உரியதன்று. சொற்பொருள் மாற்றத்தை ஆராய்வோர்க்கும் உரியது. அவ்வரலாற்றில் இந்தியச் சொல் ஒன்றுக்கும் இந்தியக் குடும்பம் ஒன்றுக்கும் இடம் உண்டு என்பதால் இங்குள்ள வாசகர்க்கு அது அயலார் கதையும் அன்று.

வீடு என்பது பெயரடை ஒன்றால் தெரிந்தெடுக்கத்தக்க பொருளாக மாறியதற்கு இரு காரணங்கள் உண்டு: ஒன்று அச்சு, மற்றொன்று மரச்சட்டகம். ஆஷர் பெஞ்சமின் 1797-இல் வெளியிட்ட 'தி கன்ட்ரி பில்டர்ஸ் அசிஸ்டன்ட்' அமெரிக்கர் எழுதிய முதல் கட்டடக்கலை வழிகாட்டி நூலாகப் பொதுவாகக் கருதப்படுகிறது. தூணின் விகிதம், வாசல் நிலையின் அமைப்பு, மாடிப்படியின் வளைவு எனத் தச்சர்க்கு வேண்டியவற்றை அது கூறியது. ஆண்ட்ரூ ஜாக்சன் டவுனிங்கின் நூல்கள் (1842, 1850) தச்சரைக் கடந்து வீட்டு உரிமையாளரை நோக்கிப் பேசின. கோதிக் குடில், இத்தாலிய மாளிகை என வகைவகையாகப் படங்களைத் தந்து, நல்ல வீடு நல்ல குடிமகனை உருவாக்கும் என்று அவர் வாதிட்டார். வீட்டின் தோற்றம் உரிமையாளரின் ஒழுக்கத்துக்குச் சான்று என்னும் கருத்து அமெரிக்க நடுத்தர வகுப்பாரிடையே வேரூன்றியதில் டவுனிங்குக்குப் பெரும்பங்கு உண்டு.

இரண்டாவது காரணம் தொழில்நுட்பம். பழைய வீடுகள் பருத்த உத்தரங்களைத் துளையும் நாக்குமாகச் செதுக்கிப் பொருத்திக் கட்டப்பட்டவை. அதற்குத் தேர்ந்த தச்சர் பலர் வேண்டும். 1830-களில் சிகாகோ வட்டாரத்தில் பரவிய 'பலூன் சட்டகம்' அந்நிலையை மாற்றியது. ஆலையில் ஒரே அளவாக அறுத்த மெல்லிய மரச்சட்டங்களை இயந்திரத்தில் செய்த ஆணிகளால் அறைந்து, குறைந்த ஆட்களைக் கொண்டு சுவரை நிறுத்திவிடலாம். எலும்புக்கூடு ஒன்றாகிவிட்டபோது அதன்மேல் எந்த உடையையும் போர்த்தலாம் என்றாயிற்று. கிரேக்கத் தூண் வேண்டுமா, கோதிக் வளைவு வேண்டுமா என்பது இனிக் கட்டுமானத்தின் வினா அன்று, விருப்பத்தின் வினா. 'பாணி' என்பது வீட்டின் இயல்பிலிருந்து பிரிந்து, மேலே ஒட்டத்தக்க அடைமொழியானது இவ்வாறுதான்.

இப்பெயரடைகளுள் மிகுந்த செல்வாக்குப் பெற்றது 'காலனியல்'. இந்திய வாசகர்க்கு 'காலனியம்' என்றால் அடிமைப்பட்ட காலம். பெருமைக்குரிய அடைமொழியாக அதனை எவரும் தம் வீட்டுக்குச் சூட்டிக்கொள்வதில்லை. அமெரிக்க வழக்கில் அது முன்னோரின் காலம், எளிமையின் காலம், விடுதலைக்குத் தலைவர்கள் உருவான காலம். ஆள வந்தோரின் வழித்தோன்றல்களே அங்கே தேசத்தின் உரிமையாளர்களாக நிலைத்துவிட்டமையால், ஒரே சொல் இரு நாடுகளில் எதிரெதிர் உணர்ச்சியைச் சுமக்கிறது.

இப்பெருமை 18ஆம் நூற்றாண்டிலிருந்து தொடர்ந்து வந்ததன்று. விடுதலைப் பிரகடனத்தில் முதலில் கையெழுத்திட்ட ஜான் ஹான்காக்கின் பாஸ்டன் இல்லம் 1863-இல் இடித்துத் தள்ளப்பட்டது. அதனைக் காக்க எழுந்த குரல்கள் பயன் தரவில்லை. 1876-இல் ஃபிலடெல்ஃபியாவில் நடைபெற்ற விடுதலை நூற்றாண்டுக் கண்காட்சிக்குப் பின்னர் மனநிலை மாறியது. அடுத்த ஆண்டில் மக்கிம், மீட், ஒயிட் முதலிய இளம் கட்டடக் கலைஞர்கள் நியூ இங்கிலாந்தின் பழைய துறைமுக ஊர்களுக்குச் சென்று 18ஆம் நூற்றாண்டு வீடுகளை அளந்து வரைந்தனர். 1893-ஆம் ஆண்டுச் சிகாகோ உலகக் கண்காட்சியில் மாசசூசெட்ஸ் மாநிலம் தன் அரங்கை அமைத்தபோது மாதிரியாகக் கொண்டது, முப்பது ஆண்டுகளுக்கு முன் இடிக்கப்பட்ட அதே ஹான்காக் இல்லத்தை. மூலம் அழிந்த பிறகே நகல் புனிதமானது. அதே கண்காட்சியில் வர்ஜீனியா மாநிலம் ஜார்ஜ் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னான் மாளிகையை மறுபடைப்புச் செய்தது. அம்மாளிகையின் பொட்டோமாக் ஆற்றை நோக்கிய உயர்ந்த தூண்வரிசை இன்றுவரை எண்ணற்ற புறநகர் வீடுகளின் முகப்பில் நகலெடுக்கப்பட்டு வருகிறது. 1799-இல் வாஷிங்டன் மறைந்தபோது அவ்வளாகத்தில் 317 அடிமைகள் இருந்தனர். தூண்கள் வரைபடத்துக்குள் வந்தன. அம்மனிதர்கள் உறங்கிய கொட்டகைகள் வரவில்லை.

இம்மறுமலர்ச்சி எழுந்த காலமும் நோக்கத்தக்கது. இத்தாலியரும் போலந்தியரும் கிழக்கு ஐரோப்பிய யூதரும் இலட்சக்கணக்கில் அமெரிக்கத் துறைமுகங்களில் வந்திறங்கிய காலம் அது. 1924-ஆம் ஆண்டு மே மாதம் இயற்றப்பட்ட குடியேற்றச் சட்டம் 1890-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கை அடிப்படையாகக் கொண்டு ஒவ்வொரு நாட்டினர்க்கும் வரம்பு விதித்தது. தென் ஐரோப்பியரும் கிழக்கு ஐரோப்பியரும் பெருமளவில் வருவதற்கு முந்திய கணக்கு என்பதே அதனைத் தெரிந்தெடுத்ததன் நோக்கம். அதே ஆண்டு நவம்பரில் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் பழைய அமெரிக்க வீட்டு அறைகளைப் பெயர்த்துக் கொணர்ந்து அமைத்த 'அமெரிக்கப் பிரிவை'த் திறந்தது. அதனை உருவாக்கியவர்களுள் ஒருவரான ஆர். டி. எச். ஹால்சி, அயல்நாட்டுக் கருத்துகளின் வரவுக்கு எதிரான ஒரு காப்பாக அவ்வறைகளை வெளிப்படையாகவே முன்வைத்தார். சட்டம் வாயிலில் நின்று எவரை மறித்ததோ, அவர்களுள் முன்னரே நுழைந்துவிட்டோர்க்கு அருங்காட்சியகம் பாடம் நடத்தியது.

காலனியல் வீடு முன்னோரின் பெயரால் விற்கப்பட்ட அதே ஆண்டுகளில், அதனோடு போட்டியிட்ட மற்றொரு வரைபடம் வங்காளத்தின் பெயரைத் தாங்கி நின்றது. 'பங்களா' என்னும் சொல்லுக்கு 'வங்காளத்தைச் சார்ந்தது' என்பதே முதற்பொருள். மூங்கிலும் வைக்கோலும் கொண்டு, மழைநீர் வடிவதற்கேற்ப வளைந்து தாழ்ந்த கூரையோடு அமைந்த ஊர்ப்புற வீட்டை அது குறித்தது. அவ்வளைந்த கூரை கல்லிலும் சுடுமண்ணிலும் ஏறியது. பிஷ்ணுபூரில் 1655-இல் எழுந்த 'ஜோர் பங்களா' கோயில் இரு குடில்களை ஒட்டவைத்தாற்போல அமைந்திருப்பதும் அப்பெயர் கொண்டிருப்பதும் இதனாலேயே. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் இவ்வமைப்பை எடுத்து, சுற்றிலும் வராந்தா வைத்து, பெரிய வளாகத்தின் நடுவே தனித்து நிறுத்தித் தம் அலுவலர்க்கு உறைவிடமாக்கினர். ஏழையின் குடில் அதிகாரியின் இல்லமாயிற்று. தமிழில் இன்றும் 'பங்களா' என்றால் காவலாளி நிற்கும் பெரிய வீடு. 'டாக் பங்களா' என்றால் அரசு அலுவலர் தங்கும் விடுதி. மூலச்சொல்லின் குடிலைத் தமிழ் வழக்கு அறியாது, ஆட்சியாளரின் மாளிகையை மட்டுமே அறியும்.

இங்கிலாந்தின் கடற்கரை ஓய்வில்லங்கள் வழியாக அமெரிக்கா சென்ற அச்சொல் அங்கே மீண்டும் எளியோரிடம் இறங்கியது. 1900-க்குப் பின் கலிஃபோர்னியாவில் மலர்ந்த பங்களா, ஒன்று அல்லது ஒன்றரைத் தளம், தாழ்ந்த அகன்ற கூரை, முன்புறம் ஒரு தாழ்வாரம், கூடத்தில் கணப்படுப்பு எனச் சிறு குடும்பத்துக்கு அளவெடுத்த வீடு. குஸ்டாவ் ஸ்டிக்லி 1901 முதல் 1916 வரை நடத்திய 'தி கிராஃப்ட்ஸ்மேன்' இதழ் கைவினையின் நேர்மையை இவ்வீட்டோடு இணைத்துப் பேசியது. பாசடீனாவில் கிரீன் உடன்பிறப்புகள் 1908-இல் வடிவமைத்த கேம்பிள் இல்லம் இப்பாணியின் செல்வ வடிவம். ஆயினும் அதன் உண்மையான பரவல் மலிவான வரைபடத் தொகுப்புகளால் நிகழ்ந்தது. சிகாகோ நகரில் மட்டும் ஏறத்தாழ 80,000 செங்கல் பங்களாக்கள் எழுந்தன.

வரைபடத்தோடு வீட்டையே அஞ்சலில் அனுப்பும் வணிகமும் அப்போது தோன்றியது. மிச்சிகனின் பே சிட்டியில் அலாடின் நிறுவனம் 1906-இலும், சிகாகோவின் சியர்ஸ் ரோபக் நிறுவனம் 1908-இலும் இதில் இறங்கின. அளவாக அறுத்த மரம், ஆணி, கதவு, சாயம், வழிகாட்டி நூல் ஆகிய அனைத்தும் இரயில் சரக்குப் பெட்டியில் வந்து சேரும். உரிமையாளரே அண்டை வீட்டார் துணையோடு பொருத்திக்கொள்ளலாம். 1940 வரை சியர்ஸ் விற்ற வீடுகள் 70,000-க்கும் மேல் என மதிப்பிடப்படுகிறது. ஒரே தொகுப்பில் பங்களாவும் இருந்தது. உயர்ந்த தூண்களைக் கொண்ட 'மக்னோலியா' என்னும் காலனியல் மாளிகையும் இருந்தது. இரண்டுக்கும் மரம் ஒன்று, ஆணி ஒன்று. வேறுபட்டவை விலையும் பெயரடையும்.

இந்தியச் சொல் ஒன்று அமெரிக்கத் தெருக்களில் இவ்வாறு குடியேறிக்கொண்டிருந்த காலத்தில் இந்திய மனிதர்க்கு என்ன நேர்ந்தது என்பது இவ்வரலாற்றின் மையமான வினா. 1790-ஆம் ஆண்டுச் சட்டப்படி குடியேறியோருள் குடியுரிமை பெறத்தக்கோர் 'சுதந்திரமான வெள்ளையர்' மட்டுமே. 1870-இல் ஆப்பிரிக்க வழியினரும் சேர்க்கப்பட்டனர். பஞ்சாபில் பிறந்து, முதல் உலகப்போரின்போது அமெரிக்கப் படையில் பணியாற்றிய பகத் சிங் திண்ட் குடியுரிமை கோரினார். வட இந்தியர் ஆரியர், ஆரியர் காகேசியர், காகேசியர் வெள்ளையர் என்பது அவர் தரப்பு வாதம். உயர்சாதிப் பிறப்பும் அவ்வாதத்துக்குத் துணையாக அழைக்கப்பட்டது. உரிமைக்கான வழக்கு மற்றொரு பாகுபாட்டின் தோள்மீது ஏறி நின்றது என்பதையும் மறைத்தற்கில்லை.

1923 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு மொழியியல் மாணவர் ஒவ்வொருவரும் படிக்கவேண்டிய ஆவணம். 'ஆரியம்' என்பது மொழியைக் குறிக்கும் சொல், உடலைக் குறிப்பதன்று என்று நீதிபதி சதர்லேண்ட் எழுதினார். அறிவியல் நோக்கில் இது சரியான கூற்றே. ஆனால் அடுத்த அடியில், 'வெள்ளையர்' என்னும் சொல்லுக்கு அறிஞர் தரும் பொருள் செல்லாது, பொதுமக்களின் பேச்சுவழக்கில் உள்ள பொருளே செல்லும் என்று கூறி, அவ்வழக்கின்படி இந்தியர் வெள்ளையர் அல்லர் என முடித்தார். இதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னர், ஜப்பானியரான ஒசாவாவின் வழக்கில், அவர் காகேசியர் அல்லர் என்னும் காரணத்தால் அதே நீதிமன்றம் அவரை விலக்கியிருந்தது. அங்கே அறிவியல் வகைப்பாடு கதவை அடைத்தது. இங்கே அதே வகைப்பாடு கதவைத் திறக்க முற்பட்டபோது பேச்சுவழக்கு அடைத்தது.

அதே பொதுமக்களின் பேச்சுவழக்கில் 'பங்களா' அப்போது முற்றிலும் அமெரிக்கச் சொல்லாகியிருந்தது. கடன்சொல் ஒன்று புதிய மொழியின் ஒலிமுறைக்கு இணங்கி, பிறப்பிடம் மறந்து, வீட்டுச் சொல்லாக ஆவதை ஆங்கில மொழியியலார் குடியுரிமை பெறுவதைக் குறிக்கும் அதே சொல்லால் வழங்குவர். அக்குடியுரிமை சொல்லுக்குக் கிடைத்தது, மனிதர்க்குக் கிடைக்கவில்லை.

இது வெறும் சொல்லாட்டம் அன்று. வைஷ்ணோ தாஸ் பகாய் 1915-இல் மனைவி கலா பகாயோடும் மூன்று மகன்களோடும் பெஷாவரிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோ வந்தவர். கடை நடத்தினார், குடியுரிமையும் பெற்றார். இக்குடும்பம் பெர்க்லி நகரில் ஒரு வீட்டை விலைக்கு வாங்கிச் சாமான்களோடு சென்று இறங்கியபோது, அண்டை வீட்டார் அவ்வீட்டைப் பூட்டிவிட்டு உள்ளே விட மறுத்தனர். பணம் கொடுத்த வீட்டின் வாசலிலிருந்தே அவர்கள் திரும்பினர். திண்ட் தீர்ப்புக்குப் பின் பகாயின் குடியுரிமை பறிக்கப்பட்டது. குடியுரிமைக்குத் தகுதியற்ற அயலார் நிலம் வைத்திருக்க இயலாதவாறு கலிஃபோர்னியா 1913 முதல் இயற்றிய சட்டங்களின் பிடியும் இந்தியர்மீது இறுகியது. நாடற்றவராக்கப்பட்ட பகாய் 1928-இல் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் விட்டுச்சென்ற கடிதம் செய்தித்தாளில் வெளியாயிற்று.

உச்ச நீதிமன்றம் ஒரு வகையினரை வாசலில் நிறுத்தியது என்றால், கிரயப் பத்திரங்கள் மற்றொரு வகையினரை நிறுத்தின. வெள்ளையர் அல்லாதார்க்கு விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்னும் நிபந்தனை 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் எழுந்த எண்ணற்ற மனைப்பிரிவுகளின் பத்திரங்களில் உண்டு. வரைபடமும் பத்திரமும் ஒரே பேழையில் இருந்தவை. வரலாற்றாசிரியர் முன்னதைக் கலைக்கும் பின்னதைச் சட்டத்துக்கும் எனப் பிரித்துப் படிப்பதால் உறவு மறைந்துபோகிறது. நியூயார்க் அருகே 1947-இல் தொடங்கிய லெவிட்டவுன் இவ்வுறவைத் தெளிவாகக் காட்டும். உருளைக்கிழங்கு வயல்களில் போர்வீரர் குடும்பங்களுக்காக எழுந்த அவ்வீடுகள் 'கேப் காட்' பாணியின: செங்குத்தான கூரை, நடுவில் வாசல், கீழே இரண்டு படுக்கையறைகள், மேலே முடிக்கப்படாத பரண், மொத்தம் 750 சதுர அடி. 1951-க்குள் 17,000-க்கும் மேற்பட்ட வீடுகள் அங்கே எழுந்தன. மீனவரும் உழவரும் வாழ்ந்த பழைய கடற்கரை வீட்டின் பெயரைத் தாங்கிய இப்புதிய வீட்டின் தொடக்ககால ஒப்பந்தங்கள், வீட்டு வேலையாள் நீங்கலாக, வெள்ளையர் அல்லாதார் அங்கே வசிப்பதைத் தடை செய்தன. இத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்தக்கூடாது என்று 1948-இல் ஷெல்லி எதிர் கிரேமர் வழக்கில் தீர்ப்பு வந்த பின்னரும் வழக்கம் நெடுங்காலம் நீடித்தது.

தொகுப்புகளில் இடம்பெற்ற பெயர்களைப் போலவே நெடுங்காலம் இடம்பெறாத பெயர்களும் பேசத்தக்கவை. நியூ ஆர்லியன்ஸ் முதலிய தென்னக நகரங்களில் ஓர் அறை அகலமும் மூன்று நான்கு அறை நீளமுமாக, ஒன்றன்பின் ஒன்றாகக் கதவுகள் அமைந்த 'ஷாட்கன்' வீடு ஆயிரக்கணக்கில் உண்டு. அதன் வேரை ஹெய்ட்டி வழியாக மேற்கு ஆப்பிரிக்காவின் யொரூபா மக்களின் வீட்டமைப்பு வரை 1970-களில் ஜான் மைக்கேல் விளாக் ஆராய்ந்து காட்டினார். அமெரிக்க மண்ணில் கட்டப்பட்டு, அமெரிக்கர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த அவ்வீடு, 'வரலாற்றுப் பாணி' என்னும் தகுதியைக் காலனியல் வீட்டைப் போல எளிதில் பெறவில்லை. பழமை ஒரு வீட்டை வரலாற்று வீடாக்குவதில்லை; எவருடைய பழமை என்பதே அதனை முடிவு செய்கிறது.

இன்று விற்பனையாகும் 'காலனியல்' வரைபடம் ஒன்றை விரித்தால், பெயரடை வாசற்படியிலேயே நின்றுவிடுவதைக் காணலாம். முகப்பில் சமச்சீரான ஜன்னல்கள், மூட முடியாதபடி சுவரில் அறையப்பட்ட ஜன்னல் கதவுகள், வாசலின் இருபுறமும் மெல்லிய தூண்கள். உள்ளே சென்றால் கூடத்தோடு கலந்த திறந்த சமையலறை, படுக்கையறையோடு இணைந்த குளியலறை, இரண்டு கார்களுக்கான கொட்டகை. இலக்கணத்தில் பெயரடை பெயர் முழுவதையும் தழுவும். இங்கே அது பெயரின் முதல் ஆறு அங்குலத்தை மட்டுமே தழுவுகிறது. இதனைப் போலி என்று இகழவேண்டியதில்லை. பழைய சமையலறையின் புகையிலும் இருளிலும் இன்று எவரும் வாழ விரும்பார். ஆனால் எது கழிந்தது, எது தங்கியது என்பதில் ஓர் ஒழுங்கு உண்டு: உழைப்பின் தடங்கள் கழிந்தன, உடைமையின் தடங்கள் தங்கின.

ஆகவே வீட்டு வரைபடத்தை வரலாற்று ஆவணமாகப் படிக்கும் ஆய்வாளர் அதனிடம் மூன்று வினாக்களைக் கேட்கலாம். இப்பெயர் எந்த ஆண்டில், எந்த அச்சத்தின் அல்லது ஆசையின் நடுவே சூட்டப்பட்டது? வீட்டின் எப்பகுதி அப்பெயரைத் தாங்குகிறது? அவ்வரைபடத்தோடு மடித்துவைக்கப்பட்ட பத்திரம் எவரை விலக்கியது? முதல் வினாவைக் கலை வரலாறும், இரண்டாவதைக் கட்டடவியலும், மூன்றாவதைச் சட்ட வரலாறும் தனித்தனியே கேட்டு வருகின்றன. மூன்றையும் ஒருங்கே கேட்கும் ஆய்வுகள் பெருகவேண்டும். இந்தியாவின் மனைப்பிரிவு விளம்பரங்களில் 'கலோனியல் வில்லா' என்றும் 'மெடிடரேனியன்' என்றும் பெயரடைகள் பெருகிவரும் இக்காலத்தில், நம் நகரங்களிலும் அவ்வினாக்களுக்கு வேலை உண்டு.

கணவர் இறந்த பின்னரும் கலா பகாய் கலிஃபோர்னியாவிலேயே வாழ்ந்தார். சட்டம் மாறிய பின்பு குடியுரிமை பெற்றார். பின்னாளில் வந்த தெற்காசியக் குடும்பங்களுக்குத் தம் வீட்டுக் கதவைத் திறந்து வைத்திருந்தவர் என்று நினைவுகூரப்படுகிறார். பெர்க்லி நகரின் நடுவே ஒரு தெருப்பகுதி இன்று 'கலா பகாய் வே' என்று அவர் பெயரால் வழங்குகிறது. வாங்கிய வீட்டுக்குள் அவரை நுழையவிடாத அதே நகரம் அது.